துலீப் டிராபி: மண்டலங்கள் இனியும் தேவையா?

ஆகஸ்ட் மாதத்தில் தென்காசிப் பக்கம் கிரிக்கெட் ஆடுபவர்கள் ஒரு கண்ணைப் பந்திலும் இன்னொரு கண்ணை மேற்கு மலையிலும் வைத்திருக்க வேண்டும். ஆரியங்காவு கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று உள்ளே வந்துவிடும். குற்றாலத்தில் சீசன், ஐந்தருவியில் கூட்டம், தென்காசி மைதானத்தில் ஈரம்! ஆனால் மலையை விட்டுக் கிழக்கே போகப் போக மழை குறைந்துவிடும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி அப்போது மழைமறைவுப் பிரதேசம். இந்தியாவின் பல ஊர்களில் ஆடுகளத்தை மூடி வைத்திருக்கும் மாதங்களில் இங்கே ஆட முடிவதற்குக் காரணம் இதுதான்.

2018 ஆகஸ்ட் மாதம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் பெருவெள்ளத்தில் தவித்துக்கொண்டிருந்தது. அதே நாட்களில் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள ஒரு கல்லூரி மைதானத்தில் நாட்டின் மிகப் பழைய கிரிக்கெட் போட்டிகளில் ஒன்று தொடங்கியது. அதுதான் துலீப் டிராபி. விளக்கு வெளிச்சம், இளஞ்சிவப்புப் பந்து, மூன்று அணிகள். இறுதியாட்டத்தில் இந்தியா புளூ அணி 541 ரன் அடித்து, இந்தியா ரெட் அணியை இன்னிங்ஸ் மற்றும் 187 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தது.

சரி, இந்தியா புளூ என்பது எந்த ஊர் அணி? எந்த ஊர் அணியும் இல்லை! தேர்வாளர்கள் ஒரு தாளில் எழுதிய பெயர்கள், அவ்வளவுதான். அடுத்த வருடம் அதே வீரர் ரெட்டில் இருக்கலாம், கிரீனிலும் இருக்கலாம். துலீப் டிராபி இப்படித் தொடங்கவில்லை. தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு, மத்தியம் என்று ஐந்து மண்டலங்கள் மோதிக்கொள்ளும் போட்டியாகத்தான் அது பிறந்தது. கடந்த பத்து ஆண்டுகளில் மண்டலம் போய் வண்ணம் வந்தது, வண்ணம் போய் மண்டலம் வந்தது, மண்டலம் போய் எழுத்து வந்தது, மறுபடியும் மண்டலம் வந்திருக்கிறது. ஒரு போட்டியை இத்தனை முறை மாற்றினால், இது இருக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி தானாக வரும். அதற்குப் பதில் தேட வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மதத்திலிருந்து மண்ணுக்கு

இந்தியாவில் முதன்முதலில் கூட்டம் கூட்டிய கிரிக்கெட் ஊர்களுக்கிடையே நடந்தது அல்ல, மதங்களுக்கிடையே நடந்தது. பம்பாயில் 1892 முதல் ஐரோப்பியர்களும் பார்சிகளும் ஆடினார்கள். 1907-ல் இந்துக்கள் சேர்ந்தார்கள். 1912-ல் முஸ்லிம்கள் சேர்ந்து நான்முனைப் போட்டி ஆனது. 1937-ல் மற்ற எல்லோருக்கும் சேர்த்து 'ரெஸ்ட்' என்று ஓர் அணி சேர்ந்து ஐம்முனைப் போட்டி ஆனது. சென்னையிலும் 1915-லிருந்து பொங்கலை ஒட்டி ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதினார்கள். 'பிரசிடென்சி மேட்ச்' என்று அதற்குப் பெயர். 1952 வரை நடந்தது.

இந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதியது. பணமும் வந்தது. ஆனால் மதத்தின் பெயரால் அணி பிரிப்பது சரியா என்ற கேள்வியும் கூடவே வளர்ந்தது. 1940-ல் காந்தியே இதை எதிர்த்துக் கருத்துச் சொன்னார். 1946-ல் ஐம்முனைப் போட்டி நிறுத்தப்பட்டது. லாபம் மட்டுமே அளவுகோல் என்றால் அதை நிறுத்தியிருக்கவே மாட்டார்கள்! ஒரு போட்டியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கல்லாப்பெட்டி மட்டும் முடிவு செய்வதில்லை என்பதற்கு இந்திய விளையாட்டு வரலாற்றில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

இதற்கு மாற்றாக நின்றது ரஞ்சிக் கோப்பை. முதல் ஆட்டம் 1934 நவம்பர் 4 அன்று சேப்பாக்கத்தில், மெட்ராஸுக்கும் மைசூருக்கும் நடந்தது. ஒரே நாளில் முடிந்துவிட்டது! மைசூர் 48-க்கும் 59-க்கும் சுருண்டது. மெட்ராஸ் அடித்ததே 130 தான், ஆனாலும் இன்னிங்ஸ் வெற்றி. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார். இந்தக் கோப்பையில் ஆட்டக்காரர் எந்த மதம் என்று யாரும் கேட்கவில்லை, எந்த ஊர் என்றுதான் கேட்டார்கள்.

ரஞ்சி தொடக்கத்திலிருந்தே மண்டலங்களாகத்தான் நடந்தது. தெற்கு மண்டலத்துக்குள் மெட்ராஸ், மைசூர், ஹைதராபாத் முதலிய அணிகள் மோதும். ஜெயிக்கும் அணி அடுத்த கட்டத்துக்குப் போகும். 1957-58-ல் மண்டலத்துக்குள் லீக் முறை வந்தது. ஒவ்வொரு வருடமும் மெட்ராஸ் மைசூரோடு ஆடும், ஹைதராபாத்தோடு ஆடும், ஆந்திராவோடு ஆடும், கேரளாவோடு ஆடும். பழைய பகை, பழைய சிநேகம் எல்லாம் இப்படி வளர்ந்ததுதான்.

தென்காசி மாவட்டத்துக்கு இதில் ஒரு சுவையான விஷயம் உண்டு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. அதன் பிறகுதான் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. அதாவது 1956-ல் செங்கோட்டையில் ஒரு நல்ல பந்துவீச்சாளர் இருந்திருந்தால், அவருடைய மாநில அணி ஒரே நாளில் மாறியிருக்கும். ஆனால் மண்டலம் மாறியிருக்காது. கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் தெற்கு மண்டலம்தான்!

1961: துலீப் பிறக்கிறது

மாநிலத்துக்கும் தேசத்துக்கும் நடுவே ஒரு படி வேண்டும் என்ற எண்ணத்தில் 1961-62-ல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் துலீப் டிராபியைத் தொடங்கியது. 1959 டிசம்பரில் மறைந்த துலீப்சிங்ஜியின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. ரஞ்சித்சிங்ஜியின் தம்பி முறை அல்ல, சகோதரரின் மகன் முறை. இங்கிலாந்துக்காக ஆடியவர். 1930-ல் லார்ட்ஸ் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 173 ரன் அடித்தவர். முதல் இறுதியாட்டத்தில் மேற்கு மண்டலம் தெற்கை வென்றது.

காரணம் எளிமையானது. ரஞ்சியில் பல ஆட்டங்கள் ஒருபக்கமாக முடிந்தன. பலவீனமான பந்துவீச்சுக்கு எதிராக அடித்த இருநூறை வைத்து டெஸ்ட் அணிக்கு ஆள் எடுப்பது எப்படி? ஐந்து மண்டலங்களின் சிறந்த ஆட்டக்காரர்களை எதிரெதிரே நிறுத்தினால் உண்மைத் தரம் தெரிந்துவிடும். 1962-63-ல் வாரியம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேகப்பந்துக்கு இந்திய மட்டையாளர்கள் பழக வேண்டும் என்று ராய் கில்கிறிஸ்ட், செஸ்டர் வாட்சன், லெஸ்டர் கிங், சார்லி ஸ்டேயர்ஸ் என்ற நான்கு மேற்கிந்தியத் தீவு வேகப்பந்து வீச்சாளர்களை வரவழைத்து உள்நாட்டுப் போட்டிகளில் ஆட வைத்தது. கில்கிறிஸ்ட் ஹைதராபாத்துக்கும் தெற்கு மண்டலத்துக்கும் பந்து வீசினார்.

துலீப்பின் அழகு என்ன என்பதற்குத் தெற்கு மண்டலத்தையே பார்க்கலாம். பிரசன்னா, சந்திரசேகர் இருவரும் மைசூர். வெங்கட்ராகவன் மெட்ராஸ். ரஞ்சியில் எதிரிகள். துலீப்பில் ஒரே அணி! இந்தியாவின் புகழ்பெற்ற சுழல் நால்வரில் மூன்று பேர் ஒரே மண்டலத்துக்காரர்கள், பேடி மட்டும்தான் வடக்கு. தெற்கு மண்டலம் 1965-66, 1966-67, 1967-68 என்று தொடர்ந்து மூன்று முறை கோப்பையை வென்ற காலம் அது. ஒரு மாதம் முன்பு எதிராளியாக இருந்தவனோடு இப்போது சேர்ந்து ஆட வேண்டும். இந்திய அணியில் ஆடுவதற்கு இதைவிட நல்ல ஒத்திகை இருக்க முடியாது.

அமெரிக்காவிலும் இதே சண்டை

இதே கேள்வி கடல் தாண்டியும் கேட்கப்படுகிறது. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற குழுக்களாகப் பிரிந்திருக்கின்றன. நம் மண்டலம் போலத்தான். இரண்டு மூன்று மாதம் குழுவுக்குள் ஆடுவார்கள். அது முடிந்ததும் சில நாட்களில் ஒரு நாக்அவுட் போட்டி. அதில் ஜெயித்த அணி நேராகத் தேசியப் போட்டிக்குப் போகும்.

இது அநியாயம் என்று சொல்பவர்கள் அங்கே நிறைய. மாதக்கணக்கில் ஆடி முதலிடம் பிடித்த அணி, ஒரே ஒரு மோசமான மாலையில் எல்லாவற்றையும் இழக்கலாம். 1974-ல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் இறுதியாட்டத்தில் நார்த் கரோலினா ஸ்டேட் அணி மேரிலாண்டைக் கூடுதல் நேரத்தில் 103-100 என்று வென்றது. மேரிலாண்ட் அப்போது நாட்டின் தலைசிறந்த அணிகளில் ஒன்று. ஆனால் ஒரு குழுவிலிருந்து ஓர் அணிதான் போக முடியும் என்பது விதி. மேரிலாண்ட் தேசியப் போட்டிக்கே போகவில்லை! அவர்களை வென்ற நார்த் கரோலினா ஸ்டேட்தான் அந்த வருடத் தேசிய சாம்பியன். அடுத்த வருடமே, 1975-ல், விதியை மாற்றினார்கள். ஒரு குழுவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என்றானது.

ரஞ்சியிலும் அச்சாக இதேதான் நடந்திருக்கிறது. மண்டல லீக்கில் முதலிடம் பிடித்தவருக்கு மட்டும் அடுத்த சுற்று என்பதால், மெட்ராஸும் மைசூரும் ஹைதராபாத்தும் ஒன்றையொன்று வெளியேற்றிக்கொண்டே இருந்தன. மூன்றுமே நல்ல அணிகள், ஆனால் வாசல் ஒன்றுதான். 1970-71-ல்தான் மண்டலத்துக்கு இரண்டு அணிகள் என்று விதி மாறியது. சில வருடங்களிலேயே, 1973-74-ல், கர்நாடகா ரஞ்சிக் கோப்பையை வென்று பம்பாயின் தொடர்ச்சியான 15 வருட ஆதிக்கத்தை முடித்து வைத்தது.

இரண்டு கதைகளும் சொல்வது ஒன்றுதான். மண்டலப் போட்டியில் அநியாயம் இருந்தால் வாசலை அகலப்படுத்தினார்கள், வீட்டை இடிக்கவில்லை. அமெரிக்காவின் ஐவி லீக் கல்லூரிகள் இப்படி ஒரு நாக்அவுட் வேண்டாம் என்று மிக நீண்ட காலம் பிடிவாதமாக இருந்தன. கடைசியில் 2017-ல் அவர்களும் தொடங்கிவிட்டார்கள்.

யாருக்குக் கதவு திறந்தது?

துலீப் டிராபி சும்மா ஒரு சடங்கா, அல்லது உண்மையிலேயே யாருக்காவது பயன்பட்டதா?

2004 பிப்ரவரி, குர்கான். அப்போது துலீப்பில் ஒரு வெளிநாட்டு விருந்தினர் அணியையும் சேர்த்து ஆட வைத்தார்கள். இங்கிலாந்து ஏ அணிக்கு எதிராகத் தெற்கு மண்டலம் நான்காவது இன்னிங்ஸில் 501 ரன் எடுக்க வேண்டும். எடுத்தது! ஆந்திராவின் வேணுகோபால் ராவ் ஆட்டமிழக்காமல் 228. எதிரணியில் கெவின் பீட்டர்சன் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்திருந்தார். ஆந்திரா அன்று ரஞ்சியில் பெரிய அணி இல்லை. அந்த அணியில் மட்டும் ஆடிக்கொண்டிருந்தால் வேணுகோபாலுக்கு அப்படி ஒரு மேடை கிடைத்திருக்குமா? அடுத்த வருடம், 2005-ல், அவர் இந்திய ஒருநாள் அணியில் ஆடினார்.

2010 பிப்ரவரி, ஹைதராபாத். தெற்கு மண்டலத் தலைவர் தினேஷ் கார்த்திக் இறுதியாட்டத்தில் 183, 150 என்று இரண்டு சதம் அடித்தார். அப்படியும் தோற்றார்! மேற்கு மண்டலத்துக்கு 536 ரன் இலக்கு. யூசுப் பதான் ஆட்டமிழக்காமல் 210 அடித்து முடித்துவிட்டார். முதல்தர கிரிக்கெட்டில் அதுவே உலகின் மிகப் பெரிய துரத்தல் சாதனை ஆனது.

2014, டெல்லி. இறுதியாட்டத்தில் தெற்கு மண்டலத்துக்காக கே.எல். ராகுல் 185, 130. ஆனாலும் மத்திய மண்டலம் 9 ரன் வித்தியாசத்தில் கோப்பையைப் பறித்தது. ராகுலுக்கு ஆஸ்திரேலிய டிக்கெட் கிடைத்தது. அதே வருடம் டிசம்பரில் மெல்போர்னில் டெஸ்ட் அறிமுகம்.

அசிங்கமான பக்கமும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. 1991 ஜனவரியில் ஜாம்ஷெட்பூர் இறுதியாட்டத்தில் மேற்கு மண்டலத்தின் ரஷீத் பட்டேல் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வடக்கு மண்டலத்தின் ராமன் லம்பாவைத் தாக்கப் போனார். இருவருக்குமே தடை விதிக்கப்பட்டது. கண்டிக்க வேண்டிய செயல்தான். ஆனால் மண்டலத்தின் மேல் ஆட்டக்காரர்களுக்கு ஈடுபாடே இல்லை என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது!

சுவர் போன பிறகு கூரை

அப்படியானால் சரிவு எங்கே தொடங்கியது? பலரும் ஐ.பி.எல்.லைக் கைகாட்டுவார்கள். ஐ.பி.எல். தொடங்கியது 2008-ல். துலீப்பின் சரிவு அதற்கு ஆறு வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

2002-03-ல் ரஞ்சிக் கோப்பையில் மண்டல முறை கைவிடப்பட்டது. எலைட், பிளேட் என்று தர அடிப்படையில் அணிகள் பிரிக்கப்பட்டன. வலுவான அணிகள் வலுவான அணிகளோடு மோதட்டும் என்ற நல்ல எண்ணம்தான். ரஞ்சியின் தரத்துக்கு அது நல்லதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் துலீப்புக்கு என்ன ஆனது? தமிழ்நாடும் கர்நாடகாவும் ஒவ்வொரு வருடமும் மோதியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. தெற்கு மண்டலம் என்பது வருடம் முழுவதும் வாழ்ந்த ஒரு விஷயமாக இருந்தது போய், துலீப்புக்காக மட்டும் சில நாட்கள் உயிர்பெறும் ஒரு பெயராகிவிட்டது. சுவர்களை இடித்துவிட்டுக் கூரையை மட்டும் வைத்துக்கொண்டால் கூரை எத்தனை நாள் நிற்கும்?

அமெரிக்க ஒப்பீடு இங்கேதான் கண்ணைத் திறக்கிறது. அங்கே கான்ஃபரன்ஸ் நாக்அவுட்டுக்கு உயிர் கொடுப்பது அதற்கு முன் நடந்த மாதக்கணக்கான குழு ஆட்டங்கள். இங்கே அந்த மாதங்களை எடுத்துவிட்டுக் கடைசி வாரத்தை மட்டும் மிச்சம் வைத்தார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் ஒட்டுப்போடும் வேலை. 2002-03-ல் துலீப்பே எலைட், பிளேட் அணிகளாக நடந்தது. ஒரே வருடத்தில் மண்டலத்துக்குத் திரும்பினார்கள். விருந்தினர் அணிகள் வந்தன, போயின. 2015-16-ல் போட்டியே இல்லை. 2016-17-ல் புளூ, ரெட், கிரீன். 2020-லும் 2021-லும் கொரோனாவால் இல்லை. 2022-ல் மறுபடி மண்டலம், இந்த முறை வடகிழக்கையும் சேர்த்து ஆறு. 2024-ல் இந்தியா ஏ, பி, சி, டி. 2025-ல் திரும்பவும் மண்டலம். வருடா வருடம் பெயரும் பெட்டியும் மாறும் ஒரு சரக்கை எந்த வாடிக்கையாளர் நினைவில் வைத்திருப்பார்?

எதிர்த்தரப்பு வாதங்கள்

மண்டலப் போட்டி வேண்டாம் என்பவர்களின் வாதங்களை லேசாக ஒதுக்கிவிட முடியாது.

முதலாவது, பணம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்றது. அதன் பக்கத்தில் துலீப் டிராபியை வைத்தால் அது வெறும் செலவுக் கணக்கு. உண்மைதான். ஆனால் எல்லாச் செலவும் நஷ்டம் இல்லை என்பது வணிகவியல் முதலாண்டுப் பாடம். ஒரு தொழிற்சாலை பயிற்சிப் பட்டறைக்குச் செய்யும் செலவு அந்த மாத விற்பனையில் தெரியாது, பத்து வருடம் கழித்து ஆட்களின் கைத்திறனில் தெரியும். 48,390 கோடி வரவு உள்ள வீட்டில் இந்தச் செலவு தாங்காது என்று சொல்வதும் வேடிக்கைதான்.

இரண்டாவது, ஆள் கண்டுபிடிக்க வேறு வழிகள் வந்துவிட்டன. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-ல் டி.என்.பி.எல்.லில் வெளிச்சத்துக்கு வந்தார். 2017 ஐ.பி.எல். ஏலத்தில் 3 கோடி ரூபாய்க்கு எடுக்கப்பட்டார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். துலீப் எதற்கு? நல்ல கேள்வி. தென்காசியிலிருந்து பஸ் ஏறினால் போய்ச் சேரும் தூரத்தில், தாழையூத்து சங்கர் நகர் மைதானத்திலேயே டி.என்.பி.எல். ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அந்த வெளிச்சம் பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே ஒரு பந்துவீச்சாளருக்குக் கிடைப்பது 4 ஓவர். நான்கு நாள் ஆட்டத்தில் மூன்றாவது நாள் வெயிலில் 25-வது ஓவரை வீசத் தெரியுமா என்பதை 4 ஓவரில் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது, சமமின்மை. 2022 செப்டம்பரில் சேப்பாக்கத்தில் புதிய வடகிழக்கு மண்டலத்துக்கு எதிராக மேற்கு மண்டலம் 2 விக்கெட்டுக்கு 590 ரன் எடுத்து டிக்ளேர் செய்தது. 2023-ல் வடக்கு மண்டலம் அதே வடகிழக்கை 511 ரன் வித்தியாசத்தில் வென்றது. இதற்குப் பெயர் போட்டியா? வலிக்கும் கேள்விதான். ஆனால் 1934-ல் 48-க்குச் சுருண்ட மைசூர்தான் பின்னாளில் பம்பாயை வீழ்த்திய கர்நாடகா. கிழக்கு மண்டலம் தன் முதல் துலீப் கோப்பைக்கு 2011-12 வரை காத்திருந்தது. ஐம்பது வருடம்! வடகிழக்குக்கு நான்கைந்து வருடம்கூடக் கொடுக்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது.

நான்காவது, மண்டலம் என்றாலே கோட்டா, சிபாரிசு என்ற புகார். தேர்வுக்குழுவில் மண்டலத்துக்கு ஒருவர் என்று இருந்த காலத்தில் 'உன் ஆளை நீ சேர், என் ஆளை நான் சேர்க்கிறேன்' என்ற பேச்சு எப்போதும் இருந்தது. அது தேர்வுக்குழுவின் நோய். அதற்கு மருந்து தேர்வுக்குழுவில்தான் கொடுக்க வேண்டும், மைதானத்தில் இல்லை.

எழுத்துக்களின் அணி

மாற்று வழி எப்படி இருந்தது என்று 2024-ல் நாடே பார்த்தது. நியாயமாகச் சொன்னால் முதல் சுற்று பிரமாதம். கில், ராகுல், பந்த் என்று டெஸ்ட் வீரர்கள் ஆடினார்கள். 19 வயது முஷீர் கான் 181 அடித்தார். ஆனால் அந்தச் சுற்று முடிந்ததும் வங்கதேச டெஸ்டுக்காகப் பெரிய வீரர்கள் கிளம்பிவிட்டார்கள். அணிகள் பாதி வழியில் மாற்றி அமைக்கப்பட்டன. முதல் சுற்றில் கில் தலைவராக இருந்த இந்தியா ஏ, மயங்க் அகர்வால் தலைமையில் கோப்பையை வென்றது. அந்தக் கோப்பையை எந்த ஊர் கொண்டாட வேண்டும்? யாருக்கும் தெரியாது.

இங்கேதான் வேறுபாடு புரிகிறது. ஏ, பி, சி, டி என்பது தேர்வாளர்களுக்கான ஒத்திகை. மேலே இருப்பவர்கள் கீழே பார்த்து ஆள் பொறுக்குவது. மண்டலம் என்பது கீழே இருந்து மேலே ஏறும் படி. தென்காசி 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டம் ஆனது. ஒரு தென்காசிப் பையனுக்கு மாவட்டம், மாநிலம், மண்டலம், தேசம் என்று நான்கு படி. ஒவ்வொரு படியிலும் அவன் யாருக்காக ஆடுகிறான் என்பது அவனுக்கும் தெரியும், அவன் தெருவுக்கும் தெரியும். மூன்றாவது படியை உருவிவிட்டால் மாநிலத்திலிருந்து தேசத்துக்குத் தாவ வேண்டும். பெரிய மாநில சங்கங்களின் பிள்ளைகள் தாவிவிடுவார்கள். கோவா, புதுச்சேரி, மேகாலயா பிள்ளைகள்?

2025 செப்டம்பரில் பெங்களூரு இறுதியாட்டத்தில் தெற்கு மண்டலத்துக்குத் தலைமை தாங்கியவர் காசர்கோட்டுக்காரரான முகமது அசாருதீன். கேரளா ரஞ்சி இறுதிக்கு வந்ததே 2024-25-ல்தான் முதல்முறை. முதல் இன்னிங்ஸில் 149-க்குச் சுருண்ட தெற்கு, இரண்டாவதில் 426 எடுத்துப் போராடி, மத்திய மண்டலத்திடம் 6 விக்கெட்டில் தோற்றது. தோல்விதான். ஆனால் கர்நாடகாவும் தமிழ்நாடும் இருக்கும் மண்டலத்துக்கு ஒரு கேரள ஆட்டக்காரர் தலைவர் ஆவது, எழுத்துக்களின் அணியில் யார் கண்ணிலும் பட்டிருக்காத செய்தி.

கல்லூரி மாணவர்களுக்கு இது தெரிந்த கதைதான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு உட்பட்ட கல்லூரிகளில் கூடைப்பந்தோ கைப்பந்தோ ஆடும் ஒருவர் கல்லூரி அணி, பல்கலைக்கழக அணி, பிறகு தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி, அதன் பிறகுதான் அகில இந்தியப் போட்டி என்று ஏறுகிறார். பெரும்பாலானோருக்குத் தென்மண்டலமே கடைசி நிறுத்தம். ஆனால் அந்த நிறுத்தம் வரை பயணம் உண்டு என்பதால்தான் பலர் பஸ்ஸே ஏறுகிறார்கள்.

என்ன செய்யலாம்?

மண்டலப் போட்டி வேண்டும். ஆனால் மண்டலம் என்று ஒன்று உண்மையில் இருந்தால்தான் அந்தப் போட்டிக்கு அர்த்தம். இன்றைய நிலையில் துலீப்பை அப்படியே காப்பாற்றுவதும் வீண், தூக்கிப் போடுவதும் வீண்.

முதலில் வடிவத்தை மாற்றுவதைப் பத்து வருடத்துக்காவது நிறுத்த வேண்டும். இரண்டாவது, மண்டலத்துக்குள் அணிகள் மோதும் ஒரு லீக்கை, நான்கு நாள் ஆட்டமாக முடியாவிட்டால் ஒருநாள் ஆட்டமாகவாவது, மீண்டும் கொண்டுவர வேண்டும். ரஞ்சியின் தரவரிசை முறையை அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, ஆகஸ்ட், செப்டம்பரில்தான் நடத்துவது என்றால் மழைமறைவுப் பக்கம் இருக்கும் சிறிய ஊர்களுக்குக் கொண்டுபோக வேண்டும். 2018-ல் நத்தத்தில் முடிந்தது. 2022-ல் கோவையில் மண்டல இறுதியாட்டமே நடந்தது. பாபா இந்திரஜித் 118 அடித்துத் தெற்குக்கு முன்னிலை வாங்கிக் கொடுத்தார், ஜெய்ஸ்வால் 265 அடித்து அதைத் தட்டிப் பறித்தார். சங்கர் நகரிலும் மைதானம் இருக்கிறது.

மதத்தின் பெயரால் நடந்த போட்டிக்குக் கூட்டமும் பணமும் இருந்தும் 1946-ல் நிறுத்தினார்கள், அது எதைப் பிரதிநிதித்துவம் செய்தது என்பதற்காக. மண்டலத்தின் பெயரால் நடக்கும் போட்டிக்கு இன்று கூட்டமும் இல்லை, பணமும் இல்லை. அதை வைத்துக்கொள்ள வேண்டிய காரணமும் அதேதான். அது எதைப் பிரதிநிதித்துவம் செய்கிறது என்பதற்காக!